தலைப்பு இல்லாம இந்தப் பத்தியைப் படிச்சுட்டு எதைப் பத்தினதுன்னு சொல்லுங்க, அப்புறம் பேசலாம்

தாமிரபரணி_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். கீழ ஒரு பத்தி இருக்கு, நானே எழுதினது, எங்க தேடினாலும் கிடைக்காது. ஒரே ஒரு தடவை படிச்சுட்டு என்ன தோணுதோ அதை அப்படியே எழுதுங்க.

"அளவு முக்கியம். ஒண்ணுக்கு நாலுன்னு பொதுவா சொல்வாங்க, ஆளுக்கு ஆள் மாறும். ரெண்டையும் முதல்லயே சேர்த்துடக் கூடாது, தனித்தனியா வச்சுக்கணும். தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடணும், ஒரேடியா ஊத்திட்டா திருத்தவே முடியாது. சூடேறாம பாத்துக்கணும். கடைசியில எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கும்போது கையால கலந்தா தான் சரியா வரும்னு அனுபவப்பட்டவங்க சொல்வாங்க. அதுக்கப்புறம் தொடாம விட்டுடணும். வெயில் காலத்துல சீக்கிரம் ஆகிடும், குளிர்ல ரொம்ப நேரம் எடுக்கும். மேல இடம் விடணும், விடலேன்னா மறுநாள் காலைல தரையில தான் வேலை."

எதுக்குக் கேக்கறேன்னு நாலு பேர் பதில் போட்டதும் சொல்றேன்.

சைட்_இன்ஜி_திருச்சி:
சிமெண்ட் கலவை. ஒண்ணுக்கு நாலுங்கறது பூச்சு வேலை அளவு, சிமெண்ட் ஒண்ணு மணல் நாலு. தண்ணியைப் பாத்து ஊத்தணும், சிமெண்ட் இறுகும்போது சூடு வரும், குளிர்ல செட் ஆக நேரம் எடுக்கும், எல்லாமே பொருந்துது. ஒரே ஒரு இடம் இடிச்சது, ரெண்டையும் முதல்லயே சேர்க்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க, சைட்ல நாங்க மணலையும் சிமெண்டையும் முதல்ல தண்ணியில்லாமலே கலந்துட்டு தான் தண்ணி விடுவோம். சரி, டீச்சருக்கு கட்டட வேலை தெரியாது, தப்பா எழுதிட்டாங்கன்னு நினைச்சு தாண்டிட்டேன்.

வடமராட்சி_வாசகி:
எனக்கு முதல் நாலஞ்சு வரியும் ஒண்டும் பிடிபடேல்ல. ஏதோ நாட்டு மருந்து செய்யிற முறையோ எண்டு நினைச்சன். கடைசி வரி வாசிக்கேக்கதான் பொங்கி வழியிற சாமான் எண்டு விளங்கிச்சுது, தோசைக்கு அரைக்கிறதுதானே? உடனே திரும்பப் போய் முதல்ல இருந்து வாசிச்சன், அப்பத்தான் ஒவ்வொரு வரியும் தன்ர இடத்தில வந்து இருந்தது. ஆனா ஒண்டுக்கு நாலு எண்டதில எனக்கு உடன்பாடு இல்ல, எங்கட வீட்டில உளுந்து இன்னும் கூடப் போடுவம்.

தாமிரபரணி_டீச்சர்:
வாசகி சரியாப் பிடிச்சுட்டீங்க. இட்லி மாவு அரைக்கறது தான். எல்லாரும் "இட்லி மாவு"ங்கற ரெண்டு வார்த்தையை மனசுல வச்சுக்கிட்டு மறுபடி ஒருக்கா மேல போய்ப் படிங்க. ஒரு எழுத்து கூட மாறல, ஆனா வேற பத்தி மாதிரி இருக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்ல. 1972ல பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல இதைச் செஞ்சாங்க. துணி துவைக்கறதைப் பத்தி துணி, தண்ணி, சோப்புன்னு எந்த வார்த்தையும் இல்லாம ஒரு பத்தி எழுதி, ஒரு குரூப்புக்குத் தலைப்பே சொல்லல, ஒரு குரூப்புக்குப் படிக்கறதுக்கு முன்னாடி சொன்னாங்க, இன்னொரு குரூப்புக்குப் படிச்சு முடிச்சப்புறம் சொன்னாங்க. அதை நம்ம அடுப்படிக்குக் கொண்டு வந்தேன், அவ்வளவு தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கறேன். புரட்சிகளின் காலம் பாடத்துல அமெரிக்க விடுதலைப் போரும் பிரெஞ்சுப் புரட்சியும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். வேர்டுல நோட்ஸ் அடிச்சு, தலைப்பு, உபதலைப்பு எல்லாம் பெருசா போட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அன்னிக்கு வராத பிள்ளைங்களுக்கு அதையே காப்பி பண்ணி வாட்ஸ்அப்புல ஒட்டிட்டேன். ஒட்டும்போது தலைப்பெல்லாம் சாதா வரியா மாறி மத்த வரிகளோட கலந்துடுச்சு, நான் கவனிக்கல. பரிட்சைல போன்ல படிச்ச பிள்ளைங்கள்ல நிறைய பேர் அமெரிக்கக் கதையில வர்ற 1765 முத்திரைச் சட்டத்தை பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம்னு எழுதியிருந்தாங்க, ஒரு பொண்ணு அமெரிக்காவுல நடந்த பாஸ்டன் தேநீர் விருந்துக்கு அடுத்த வரியிலயே பிரான்ஸ்ல இருந்த பாஸ்டில் சிறையை உடைச்சிருந்தா. ஜெராக்ஸ் வாங்கின பிள்ளைங்க அந்தத் தப்பைப் பண்ணல. மார்க் குறைச்சுட்டு அப்புறமா என் நோட்ஸை என் போன்லயே எடுத்துப் படிச்சப்போ தான் அவங்க மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சது. எது எந்த நாட்டுக் கதைன்னு சொல்ற வரி அங்க இருக்கு, ஆனா அது தலைப்புன்னு கண்ணுக்குத் தெரியல. ரெண்டு நாளா மனசு கேக்கல, அதான் இங்க வந்தேன். தலைப்புங்கறதை நாம ஒரு அலங்காரம் மாதிரி நடத்துறோமோன்னு தோணுது.

உளவியல்_மாணவி:
டீச்சர், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு வராத பிள்ளைங்க பாடத்தையே நேர்ல கேக்கல, அதனால தலைப்பு மட்டும் தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சந்தேகப்படுற திசை சரி தான்.

நீங்க சொன்ன 1972 ஆய்வுல முக்கியமான முடிவு என்னன்னா, பத்தியில இருந்த 18 கருத்துல முன்னாடியே தலைப்பு தெரிஞ்சவங்க சராசரியா 5.8 ஞாபகம் வச்சிருந்தாங்க. தலைப்பே தெரியாதவங்களும் படிச்சப்புறம் தெரிஞ்சுக்கிட்டவங்களும் மூணைக் கூடத் தொடல. அதாவது பின்னாடி சொன்ன தலைப்பால ஞாபகத்துக்கு ஒரு லாபமும் இல்ல! வாசகி அக்காவுக்கு விளங்கினது திரும்பப் போய்ப் படிச்சதால. அந்த ஆய்வுல திரும்பப் படிக்க விடல.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நிறைய பேர் தலைப்பைத் தேடறதுக்கான அடையாளப் பலகைன்னு மட்டும் நினைக்கறாங்க. அது ஒரு வேலை தான். அதைவிடப் பெரிய வேலை, உள்ள வரப்போற வரிகளை எங்க கொண்டுபோய் வைக்கணும்னு மூளைக்கு முன்கூட்டியே இடம் காட்டறது. இடம் இல்லாம வந்த வரி தங்காது.

இன்ஜினியர் சாருக்கு நடந்தது அதைவிட சுவாரஸ்யம். யாரும் சொல்லாமலே அவர் "கலவை"ன்னு தானே ஒரு தலைப்பு போட்டுக்கிட்டார், அதுக்குப் பொருந்தாத வரி வந்தப்போ தலைப்பைச் சந்தேகப்படாம எழுதினவங்களைச் சந்தேகப்பட்டார்.

சைட்_இன்ஜி_திருச்சி:
உண்மை. இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் யோசிச்சேன். சைட்ல மேஸ்திரிங்களுக்கு நான் அனுப்பற வேலைக் குறிப்புலயும் இது நடக்கும். "மேல்மாடி"ன்னு ஒரு தடவை மேல போட்டுட்டு கீழ பத்து வரி எழுதுவேன், நடுவுல ரெண்டு வரி கீழ்த்தளத்துக்கு உள்ளது, அதுக்குத் தனித் தலைப்பு போடாம விட்டா அதையும் மேல்மாடில தான் செய்வாங்க. இத்தனை நாள் அவங்களைத் திட்டியிருக்கேன்.

கன்டென்ட்_கோவை:
நான் வேற பக்கம் நிக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எட்டு வருஷமா இணையத்துக்கு எழுதறது தான் பொழப்பு. எங்ககிட்ட நூத்தம்பது வார்த்தைக்கு ஒரு உபதலைப்புன்னு கட்டாயப்படுத்துவாங்க, தேடல்ல மேல வரணும்னு தலைப்புல எந்தச் சொல் இருக்கணும்னும் அவங்களே கொடுத்துடுவாங்க. விளைவு என்னன்னா, ஜனங்க தலைப்பை மட்டும் படிச்சுட்டுப் போயிடறாங்க. 2006ல, ஜனங்க வெப்பக்கத்தை எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு ஆராயற நீல்சன் குழு 232 பேரோட கண் அசைவைப் பதிவு பண்ணி, வெப்பக்கத்தை எஃப் வடிவத்துல மேய்றாங்கன்னு சொன்னாங்க, மேல ரெண்டு வரி குறுக்க, அப்புறம் இடது ஓரமா கீழ. தலைப்பு நல்லா இருந்தா இன்னொரு விதம், அடுக்கு கேக் மாதிரி, தலைப்பு தலைப்பாத் தாவிக்கிட்டே போவாங்க, நடுவுல இருக்கற பத்தி அப்படியே கிடக்கும். நான் ராத்திரி முழிச்சு எழுதின பத்தி அது. தலைப்பு புரிதலை வளர்க்குதுன்னு சொல்றீங்க, என் அனுபவத்துல அது படிக்காமலே புரிஞ்ச மாதிரி நினைக்க வைக்குது.

உளவியல்_மாணவி:
உங்க வருத்தம் நியாயம் தான் அண்ணா. ஆனா ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும். தாவிப் போறவங்க தலைப்பு இல்லேன்னா உக்காந்து படிச்சிருப்பாங்களான்னா, இல்ல. அந்த எஃப் வடிவமே தலைப்பில்லாத நீளமான பக்கத்துல தான் அதிகம், அதுல எதைப் படிக்காம விடறோம்னு வாசிக்கறவருக்கே தெரியாது. தலைப்பு இருந்தா எதை விடறோம்னாவது தெரிஞ்சு விடறாங்க, வேணும்கற இடத்துல நின்னும் படிக்கறாங்க.

இன்னொண்ணு, எதுக்குத் தலைப்பு போடறோம்ங்கறதும் ஞாபகத்தை மாத்தும். ராபர்ட் லார்ச், எலிசபெத் லார்ச்னு ரெண்டு பேர் இதுலயே பல வருஷம் வேலை பார்த்தவங்க, 1996ல அவங்க ஒரு கட்டுரையை மூணு விதமா கொடுத்தாங்க: தலைப்பே இல்லாம, எல்லாப் பகுதிக்கும் தலைப்போட, பாதிக்கு மட்டும் தலைப்போட. அந்த மூணாவதுல, தலைப்பு இருந்த பகுதிகள் தான் படிச்சவங்க நினைவுல முன்னாடி வந்துச்சு, இல்லாதது பின்னாடி போயிடுச்சு. எழுதறவர் பாதியில சலிச்சுப்போய் தலைப்பை விட்டார்னா, விட்ட பகுதி முக்கியமில்லன்னு வாசகருக்குச் சொன்ன மாதிரி.

கன்டென்ட்_கோவை:
இது எனக்குப் புதுசு. என் பழைய கட்டுரைங்கள்ல முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும். ஆரம்பத்துல நாலு உபதலைப்பு, கீழ வர வர ஒண்ணும் இருக்காது.

மெய்ப்புக்காரன்:
முப்பது வருஷம் அச்சகத்துல புரூஃப் பார்த்தவன், அச்சுப் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். நாங்க தலைப்பை எப்பவும் வரியா பார்க்க மாட்டோம், இடமாத்தான் பார்ப்போம். பக்கத்தோட கடைசியில தலைப்பு தனியா நின்னு பத்தி அடுத்த பக்கம் போச்சுன்னா அந்தப் பக்கத்தையே திருப்பி அனுப்புவேன், பொடியன் முனகிக்கிட்டே மாத்திக் கொடுப்பான். தலைப்புக்கு மேல உள்ள இடைவெளி கீழ உள்ளதை விட அதிகமா இருக்கணும், ரெண்டும் சமமா இருந்தா அது மேல் பத்திக்குச் சொந்தமா கீழ் பத்திக்குச் சொந்தமான்னு கண்ணு தடுமாறும். அப்புறம் நல்ல புஸ்தகம்னா ஒவ்வொரு பக்கத்து உச்சியிலயும் அத்தியாயத்தோட பேர் சின்னதா ஓடும். நூத்து நாப்பதாவது பக்கத்தைப் படக்குனு திறந்தாலும் எங்க நிக்கறோம்னு தெரியும்.

போன்ல என்ன ஆகுதுன்னு பேரன் கையில இருக்கறதைப் பார்த்தேன். ஒரு தள்ளு தள்ளினா தலைப்பு மேல போயிடுச்சு, மிச்சம் பூரா வெறும் எழுத்து. டீச்சர் சொன்ன பொண்ணு பாஸ்டனையும் பாஸ்டிலையும் கலந்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல. காகிதத்துல "அந்த விஷயம் இடது பக்கம் கீழ, தலைப்புக்கு ரெண்டு வரி தள்ளி இருந்துச்சு"ன்னு இடத்தோட ஞாபகம் இருக்கும். போன்ல அந்த இடமே இல்லையே.

உளவியல்_மாணவி:
ஐயா, நீங்க அனுபவத்துல சொல்றதுக்குப் பக்கத்துல வர்ற ஒரு கணக்கு இருக்கு. 2018ல பாப்லோ டெல்காடோவும் கூட இருந்தவங்களும் 54 ஆய்வுகளை, மொத்தம் 1,71,055 பேரை, ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. காகிதத்துல படிச்சவங்களுக்குத் தான் புரிதல் அதிகம். நேரக் கெடு வச்சுப் படிக்கும்போது அந்த வித்தியாசம் கூடுது. தகவல் சொல்ற பாடத்துல தான் இது, கதை மட்டும் படிக்கறதுல வித்தியாசம் தெரியல. கதைக்கு ஒரு ஓட்டம் இருக்கு, அதுவே நம்மளைக் கூட்டிட்டுப் போகும். தகவலுக்கு அது கிடையாது, அங்க தலைப்பு தான் அந்த வேலையைச் செய்யணும்னு நான் நினைக்கறேன். இந்தக் கடைசி வரி என் கருத்து, அவங்க ஆய்வு தலைப்பைப் பத்தினது இல்ல.

குறுந்தொகைப்_பித்தன்:
இவ்வளவு நேரம் சும்மா படிச்சுக்கிட்டிருந்தேன், இனி முடியல. குறுந்தொகையில நாப்பதாவது பாட்டு, "யாயும் ஞாயும் யாரா கியரோ", கல்யாணப் பத்திரிகையில கூட அச்சடிக்கறாங்க, செம்மண்ணுல விழுந்த மழைத்தண்ணி மாதிரி நம்ம மனசு கலந்துடுச்சுங்கற பாட்டு. வெறுமனே படிச்சா சந்தோஷம் பொங்கற காதல் பாட்டு. ஆனா பதிப்புகள்ல அதோட சேர்ந்து ஒரு கூற்றுக் குறிப்பு வரும், கூடினதுக்கு அப்புறம் இவன் நம்மளை விட்டுட்டுப் போயிடுவானோன்னு பயந்து முகம் மாறின தலைவியைப் பார்த்துத் தலைவன் சொன்னதுன்னு. அதைப் படிச்சுட்டு இப்பப் பாட்டுக்குப் போங்க. உங்க அம்மா யாரு எங்க அம்மா யாரு, நானும் நீயும் எப்படி அறிஞ்சுக்கிட்டோம்னு அவன் அடுக்கறது பூராவும் அவ மனசுல ஓடற பயத்தைத் தானே எடுத்து வெளியில வச்சு ஆறுதல் சொல்றது. அஞ்சே வரி, பாட்டோட எடையே மாறிப்போகுது.

அந்தக் குறிப்பு பாடினவர் எழுதினது இல்ல, பின்னாடி வந்தவங்க சேர்த்ததுன்னு தான் பொதுவா சொல்வாங்க. அதனால நான் எப்பவும் முதல்ல குறிப்பை மறைச்சுட்டுப் பாட்டைப் படிப்பேன், அப்புறம் குறிப்போட ஒரு தடவை. மாணவி தங்கச்சி சொன்ன "முன்னாடி தெரிஞ்சா தான் லாபம்"ங்கறது பாடத்துக்குச் சரி. கவிதையில முன்னாடியே தெரிஞ்சா வேற கதவெல்லாம் சாத்திப் போயிடும். குறிப்பு எழுதினவர் ஒரு கதவைத் திறந்து விட்டார், அதுக்காக வீட்டுக்கு ஒரே வாசல்னு ஆகிடுமா?

வடமராட்சி_வாசகி:
நீங்கள் சொன்ன பிறகு அந்தப் பாட்டைத் திரும்ப எடுத்து வாசிச்சன். இவ்வளவு காலமும் அதில ஒரு பயம் இருக்கிறது எனக்குத் தெரியேல்ல. நெஞ்சு கனத்துப் போச்சு.

உளவியல்_மாணவி:
அண்ணா, ரொம்ப நன்றி, இது எந்தப் பேப்பர்லயும் எனக்குக் கிடைச்சிருக்காது. "கதவைச் சாத்தறது"ன்னு நீங்க சொன்னது செய்தியில நடந்தா ஆபத்து. ஆஸ்திரேலியாவுல உல்ரிச் எக்கர், லெவான்டோவ்ஸ்கி குழு 2014ல காட்டினது இது தான்: உள்ள செய்தியில ஒரு தப்பும் இல்லாம, தலைப்பு மட்டும் ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா, முழுசாப் படிச்சவங்களோட ஞாபகமும் அதுல இருந்து அவங்க எடுக்கற முடிவும் சாயுது. உள்ள படிச்சா சரியாகிடும்னு நாம நம்பறோம், முழுசா சரியாகறதில்ல.

மெய்ப்புக்காரன்:
டீக்கடை வாசல்ல தொங்கற பேப்பர் வால்போஸ்டரை நினைச்சுக்கறேன். நாலு வார்த்தை, வினைச்சொல்லே இருக்காது. யாரு செஞ்சா, செஞ்சாங்களா செய்யப் போறாங்களா, எதுவும் தெரியாது. அதைப் பார்த்துட்டு உள்ள செய்தி படிக்கற ஆளு அந்தப் போஸ்டரைத் தான் படிக்கறான். ஒரு தடவை நான் வேலை செஞ்ச இடத்துல ஒருத்தர் மேல "புகார்"னு வந்த செய்திக்குத் தலைப்புல அந்தப் "புகார்" இடம் இல்லேன்னு எடுத்துட்டாங்க. செய்தி சரியா இருக்கே, யாரு கேக்கப் போறாங்கன்னாங்க. நானும் அப்ப ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டேன். அந்த மனுஷர் அடுத்த நாள் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னது இப்பவும் கண்ணுல இருக்கு.

ஒலிவழி:
வணக்கம். எனக்குப் பார்வை கிடையாது, கம்ப்யூட்டர்ல என்விடிஏங்கற திரைவாசிப்பான், அதாவது திரையில இருக்கற எழுத்தைக் குரலாப் படிச்சுச் சொல்ற மென்பொருள், வச்சுத் தான் இந்த இழையையும் கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்க எல்லாரும் தலைப்பைக் கண்ணால பார்க்கற விஷயமாப் பேசறீங்க. எங்களுக்கு அது கால் வைக்கற படி. வெப்பக்கத்துல எச் விசையை அழுத்தினா அடுத்த தலைப்புக்குப் போகும், ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் எண்ணை அழுத்தினா அந்த மட்டத்துத் தலைப்புக்குப் போகும். நீளமான பக்கத்துல நாங்க பெரும்பாலானவங்க முதல்ல இதைத் தான் செய்வோம், நீங்க கண்ணை ஓட விடற மாதிரி. தலைப்பே இல்லேன்னா முதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் கேட்டே ஆகணும்.

இதுல ஒரு விஷயம் பார்வை உள்ளவங்களுக்குத் தெரியறதில்ல. எழுத்தைப் பெருசாக்கி, தடிமனாக்கி, நடுவுல வச்சா உங்களுக்கு அது தலைப்பு. என்விடிஏக்கு அது இன்னொரு வரி, அவ்வளவு தான். வேர்டுல ஹெடிங் ஸ்டைல், அதாவது இது தலைப்புன்னு கம்ப்யூட்டருக்கே சொல்ற அமைப்பு, கொடுத்தா தான், வெப்புல எச்டிஎம்எல் தலைப்புக் குறி போட்டா தான் அதுக்குத் தெரியும். டீச்சர் வாட்ஸ்அப்புல ஒட்டினப்போ அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன நடந்துச்சோ அது எங்களுக்கு தினமும் நடக்குது.

தமிழ்ல இன்னும் ஒரு கஷ்டம். தலைப்பு மட்டும் அழகா இருக்கணும்னு அதைப் படமா போட்டுடறாங்க, இல்லேன்னா பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சுடறாங்க. பத்தி எல்லாம் யூனிகோடுல தெளிவாக் கேக்கும், தலைப்பு வந்தா ஒண்ணுமே கேக்காது, இல்ல ஆங்கில எழுத்தா உளறும். டீச்சர் போட்ட இட்லி மாவுப் பத்தி உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள் விளையாட்டு. பத்தி இருக்கு, எதைப் பத்தினதுன்னு மட்டும் தெரியாதுங்கற நிலைமையில நான் பி.ஏ. முழுக்கப் படிச்சேன். கூடப் படிச்ச ஒருத்தன் ஒவ்வொரு பாடத்துக்கும் தலைப்பை மட்டும் வாய்ஸ் மெசேஜா அனுப்புவான், அதை வச்சுத் தான் பாஸ் ஆனேன்.

தாமிரபரணி_டீச்சர்:
ஒலிவழி தம்பி, இதை நான் யோசிச்சதே இல்ல. எங்க ஸ்கூல்ல பத்தாம் வகுப்புல பார்வைக் குறைபாடு உள்ள ஒரு பையன் இருக்கான், அடுத்த வருஷம் அந்த வகுப்புக்கு நான் போகலாம்.

இன்னிக்கு சாயங்காலம் உக்காந்து அந்த நோட்ஸை முதல்ல இருந்து மாத்தினேன். "காரணங்கள்"னு ரெண்டு இடத்துலயும் ஒரே தலைப்பு இருந்துச்சு, போன்ல எந்த நாட்டுக் காரணம்னு எப்படித் தெரியும்? இப்ப "அமெரிக்கா: போருக்கான காரணங்கள்", "பிரான்ஸ்: புரட்சிக்கான காரணங்கள்"னு ஒவ்வொண்ணுலயும் நாட்டுப் பேரை வச்சுட்டேன். வாட்ஸ்அப்புக்கு, தலைப்புக்கு முன்னாடி ஒரு காலி வரி, முன்னயும் பின்னயும் நட்சத்திரக் குறி, அப்ப தடிமனாத் தெரியுது. மொத்தம் எட்டுத் தலைப்பு. வேர்டு ஃபைல்ல ஹெடிங் ஸ்டைல் கொடுத்திருக்கேன்னு நினைக்கறேன், முதல் தடவை செய்யறேன். அந்தப் பிள்ளைங்களுக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் மறுபடி எழுத வாய்ப்பு கொடுக்கறதாச் சொல்லிட்டேன். தம்பி, உங்களுக்குத் தனிச்செய்தில ஃபைலை அனுப்பியிருக்கேன், நேரம் இருந்தா கேட்டுப் பாத்துச் சொல்றீங்களா?

ஒலிவழி:
கேட்டேன் டீச்சர். எச் அழுத்தினா ஏழு தலைப்பு வரிசையா வருது, நாட்டுப் பேரோட கேக்கும்போது எங்க இருக்கேன்னு உடனே தெரியுது. "பிரான்ஸ்: பாஸ்டில் தகர்ப்பு, 1789" மட்டும் வரல, அதைத் தாண்டிப் போயிடுது. அங்க தடிமன் மட்டும் போட்டிருக்கீங்க போல, ஸ்டைல் விட்டுப்போச்சு. அதை மட்டும் மாத்தி அனுப்புங்க, மறுபடி கேக்கறேன்.